பெண்டு பைப்பில் ஒரு பொட்டு

இன்று காலை ராயபுரத்து நம் சந்தில் அந்த வாசனை மீண்டும் எழுந்தது. துறைமுகப் பக்கமிருந்து வரும் மீன் வாடையையும் எதிர் வீட்டு எண்ணெய்ச் சட்டியையும் மீறிக்கொண்டு, சூளையிலிருந்து இறக்கிய ஓட்டில் வார்னிஷ் பட்டுக் காந்தியது போன்ற ஒரு வாசனை. நம் மகள் கயல் உங்கள் வண்டியை உதைத்து எழுப்பியிருந்தாள். என்ஜினின் வாயிலிருந்து வளைந்திறங்கி சைலன்சரோடு சேரும் பெண்டு பைப், புதிதாக ஏற்றிய செராமிக் பூச்சோடு, முதல் சூட்டில் மெல்லப் புகைந்தது. பூசை அறையில் பதிகத்தின் நடுவில் இருந்தவள், முடிக்காமலே எழுந்து வாசலுக்கு வந்துவிட்டேன். ஈசனிடம் காரணத்தை அப்போதே சொல்லிவிட்டேன். உங்களிடம் சொல்லத்தான் இந்த மடல்.

என் வலக்கால் ஆடுசதையில் இருக்கும் தழும்பு உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை ஒற்றியூர் கோயிலிலிருந்து திரும்புகையில், டோல்கேட் சந்திப்பில் கண்டெய்னர் லாரி ஒன்று நம்மை ஓரத்துக்கு நெருக்கியது. நீங்கள் வண்டியைச் சாய்க்க, நான் பதறி இறங்க, சேலை விலகிய கால் கொதிக்கும் பைப்பில் பட்டது. தண்ணீர்ப் பந்தலில் இருந்த குடத்தையே தூக்கி வந்து என் காலில் ஊற்றினீர்கள். வலியில் நான் பைப்பைச் சபித்தேன்.

"அத்த ஏன்மே திட்ற டீச்சரம்மா? சூடு அது போற வழில போவணும். வழி சரியில்லன்னா சூடு இன்னா பண்ணும்?" என்றீர்கள்.

எண்ணூர் ஆலையில் கொதிகலன்களோடு பணிக்காலம் முழுவதையும் கழித்தவர் நீங்கள். சூட்டின் மேல் உங்களுக்குக் கோபமே வந்ததில்லை. அன்றிரவே முடிவு செய்துவிட்டீர்கள், பைப்புக்குச் செராமிக் பூச்சு ஏற்றுவதென்று. கடற்காற்று அந்தக் குரோம் மினுக்கை ஏற்கெனவே செதில் செதிலாக உரித்திருந்தது. அந்த அவலட்சணமும் உங்களை உறுத்திக்கொண்டிருந்தது. உப்பு அண்டாது, பார்க்க மங்கிய வெள்ளி போல இருக்கும் என்றீர்கள். உள்ளே சூடு தங்கினால் புகை தடையின்றி விரைந்து வெளியேறும், வண்டி இலேசாக இழுக்கும், அருகில் இருப்பவர் காலையும் அவ்வளவாகச் சுடாது என்று கரண்டியைப் பைப்பாகப் பிடித்துக்கொண்டு விளக்கினீர்கள். உள்ளங்கையில் தீயை ஏந்தியும் கை சுடாத ஒருவனை நான் நாள்தோறும் பாடுகிறேனே, அவனுக்கு எந்தக் கடையில் பூச்சு ஏற்றினார்கள் என்று கேட்டேன். சாம்பார் சிந்தச் சிரித்தீர்கள்.

அப்போதுதான் அந்தத் தவறு நேர்ந்தது. எண்ணூரில் மணல் பீய்ச்சி, பழைய குரோமையும் துருவையும் நீக்கி, வெற்று இரும்பாகப் பைப்பை வாங்கி வந்தீர்கள். டோல்கேட்டில் பூச்சுக் கடை வைத்திருக்கும் உங்கள் தோஸ்து பாய், ஆயுத பூசைக்குக் கடையை மூடியிருந்தார். ஆகவே பைப்பைக் காகிதத்தில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டு, யாரையோ பார்க்கப் பாரிமுனைக்குப் போய்விட்டீர்கள். அரிவாள்மனை, தையல் இயந்திரம், என் பாடநூல்கள் என எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டு வந்த எனக்கு, அலமாரியில் இருந்ததும் ஆயுதமாகவே தெரிந்தது. காகிதத்தைப் பிரித்து, விளக்கேற்றிய நல்லெண்ணெய் விரலோடு, சந்தனம் இட்டுக் குங்குமம் வைத்தேன்.

நீங்கள் வந்து பார்த்தீர்கள். திட்டவில்லை. துணியால் துடைத்தீர்கள், போய்விட்டது என்றே இருவரும் நம்பினோம். கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளில் எண்ணெய் இறங்கியிருந்தது. பூச்சு அடித்து அடுப்பில் சுட்டு எடுத்தபோது, வளைவின் மேல் ஒரு கொட்டைப் பாக்கு அளவுக்கு நிறம் மங்கி நின்றது.

பாய் தலையில் அடித்துக்கொண்டார். "கை பட்டாலே ஒட்டாது, நீ பூஜையே பண்ணி எடுத்தாந்துகீறியே மாமு! உரிச்சிட்டு மறுபடி அடிக்கிறேன், குடு."

"வேணாம் பாய். ஊர்ல எல்லாப் பைப்பும் ஒரே மாரி கீது. இது எங்க வூட்டுதுன்னு தெரிய வாணாமா?"

அந்தப் பொட்டோடுதான் கடைசி வரை ஓட்டினீர்கள். சிக்னலில் நிற்கும்போது குனிந்து ஒருமுறை பார்த்துக்கொள்வீர்கள். பின்னால் இருந்து நான் அதைப் பார்த்துக்கொள்வேன்.

நீங்கள் போன பிறகு வண்டி தார்ப்பாய்க்குள் கிடந்தது. விற்றுவிடச் சொன்னார்கள். உங்கள் அக்கா தொலைபேசியில், "பொம்பளைங்க ரெண்டு பேர் வூட்ல இந்த எருமக் கடா எதுக்கு?" என்றார். கயல்தான் மறுத்தாள். எண்ணூருக்கு வேலைக்குப் போக அதையே எடுப்பேன், வெள்ளிதோறும் உன்னைக் கோயிலுக்கும் கூட்டிப்போவேன் என்றாள். தார்ப்பாயை நீக்கினோம். பூச்சு பிடித்த இடமெல்லாம் அப்படியே இருந்தது. பொட்டு மட்டும் செம்பழுப்பாய்ப் பொங்கியிருந்தது.

பாய் வந்து ஸ்குரூ டிரைவரின் பிடியால் தட்டிப் பார்த்தார். "பொட்டு வெச்ச எடமாப் பாத்து உப்பு பூந்துகிச்சு டீச்சரம்மா. இப்ப மொத்தமா உரிச்சி அடிச்சா பைப்பு தப்பிக்கும். இப்டியே வுட்டா இந்த மழைக்கு ஓட்டையாயிடும். இந்த மாடலுக்குப் புதுப் பைப்பும் கெடைக்காது."

"அந்த எடத்துக்கு மட்டும் ஏதாவது தடவ முடியாதா?" என்றேன்.

"தடவலாம். ரெண்டு மாசத்துல உரியும். அப்புறம் என்ன வந்து கேக்கக் கூடாது."

கயல் என் முகத்தைப் பார்த்தாள். "உனக்கு மனசு வரலன்னா வுட்டுடும்மா. நைனா ஆசையா வெச்சிருந்தது. மூடியே வெச்சிடலாம்."

நெய்தல் திணையைப் பள்ளியில் பல்லாண்டு நடத்தியவள் நான். கடற்கரையில் நின்று, போனவனை எண்ணி இரங்கும் தலைவியைப் பற்றி எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். அந்தக் கடற்கரையில்தான் என் வீடும் இருக்கிறது. ஆனால் தார்ப்பாய்க்கு அடியில் ஒரு துருப்பொட்டைக் காவல் காப்பதை நீங்கள் ஒரு நாளும் ஏற்கமாட்டீர்கள். வண்டி ஓட வேண்டும். அதற்காகத்தான் பூச்சே ஏற்றினீர்கள்.

"உரியுங்கள், பாய்," என்றேன்.

"நெசமாவா? அப்பால அழுவக் கூடாது."

"அழுதால் என் கண்தான் நனையும். பைப்பைக் கழற்றுங்கள்."

"மார்க்கு போட்டாச்சு, இனிமே அப்பீலே கெடையாது," என்று கயலிடம் சொல்லிக்கொண்டே பாய் ஸ்பேனரை எடுத்தார்.

பூச்சு அடிக்கும் நாளில் நானும் கடைக்குப் போனேன். மணல் பட்டு வெளுத்த பைப், நீறு பூசிய மேனியாய்க் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. நம் பொட்டு இருந்த இடம் எதுவென்று எனக்கே தெரியவில்லை. தொட்டுப் பார்க்கக் கை எழுந்தது. முந்தானையை இரு கைகளிலும் சுற்றி, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"இன்னும் ரெண்டடி தள்ளி நில்லுங்க. நெத்தில கீற விபூதி பறந்து வந்து ஒக்காந்துடும்," என்றார் பாய். தள்ளி நின்றேன். அடுப்புக் கதவு மூடும்வரை அசையவில்லை.

முதல் நாளில் ஒரேயடியாக ஓட்டக் கூடாது; சிறிது ஓடவிட்டு ஆறவிட வேண்டும், மறுபடி ஓடவிட்டு மறுபடி ஆறவிட வேண்டும், அப்போதுதான் பூச்சு இறுகும் என்று பாய் சொல்லியனுப்பினார். இன்று காலை கயல் அப்படித்தான் செய்தாள். கடைசியாக ஆறியபின் குங்குமச் சிமிழை எடுத்து வந்து, என் பக்கம் நீட்டினாள்.

உங்கள் அக்கா நேற்றே சொல்லியிருந்தார்: "குங்குமத்தக் கயல வெக்கச் சொல்லு. நீ தொடாத." ஊர் வழக்கத்தைத்தான் சொன்னார், அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்தப் பைப்புக்குப் பொட்டு வைத்தவள் நான். எதிர் வீட்டார் வடையைத் திருப்பிப்போட மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். விரலைச் சோப்பில் கழுவி, எண்ணெய்ப் பசையின்றித் துடைத்து, வளைவின் மேல், ஏறக்குறைய அதே இடத்தில், குங்குமம் வைத்தேன்.

பிறகு கயலின் தோளைப் பிடித்து ஏறி உட்கார்ந்தேன். டோல்கேட்டில் அதே போல் ஒரு கண்டெய்னர் லாரி நெருக்கியது. இறங்கவில்லை. தழும்பின்மேல் வெதுவெதுப்பாக ஒரு காற்று மட்டும் பட்டது. சூடு அது போகும் வழியில் போய்க்கொண்டிருந்தது.

தரிசனம் முடிந்து வண்டிக்குத் திரும்பியபோது பைப் ஆறியிருந்தது. குங்குமம் கருகிப் பொடியாகியிருந்தது. முந்தானையால் துடைத்துப் பார்த்தேன். அடியில் பூச்சு ஒரு குறையுமின்றி மின்னியது. முந்தானையின் அந்தக் கரும்புள்ளியை இன்னும் துவைக்கவில்லை. வரும் வெள்ளிக்குச் சிமிழை நிரப்பி வைத்துவிட்டேன்.