செல்வி வயலுக்குக் கடைசியாகப் போன டிராக்டர்

தை 20, வெள்ளி.

காலையில் கொட்டாம்பட்டியில் பாண்டி வீட்டில் பங்காளிகள் கூடியிருந்தார்கள். அவனுடைய செத்துப்போன தம்பியின் ஒரு ஏக்கரில் தம்பி மனைவி செல்விதான் வெள்ளாமை செய்கிறாள். பட்டா பாண்டி பேரில் இருக்கிறது. இனி அந்த நிலத்தை நானே பார்த்துக்கொள்கிறேன் என்கிறான். இரண்டு பேர் நெல்லையும் வாங்குகிறவன் நான் என்பதால் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

"ஒளிக்காமச் சொல்லுங்கண்ணே. ஏக்கருக்கு எனக்கு எம்புட்டு, அவளுக்கு எம்புட்டு?"

"உனக்கு முப்பது மூட்டை. செல்விக்கு இருபது."

"பொம்பளை வெள்ளாமை அம்புட்டுத்தான் மாப்ள" என்றார் பாண்டியின் மாமா. எல்லோரும் சிரித்தார்கள்.

செல்வி சிரிக்கவில்லை. "நாத்து முத்திப் போகுதுன்னு உங்க கடை வாசல்ல எத்தனை நாள் நின்னேன்? டிராக்டர் எப்பண்ணே வந்துச்சு?"

டிராக்டர் என்னுடையது. வருசா வருசம் ஆம்பளைகள் வயலெல்லாம் முடிந்த பிறகுதான் அவள் வயலுக்கு அனுப்புவேன். பாண்டியைக் காக்க வைத்தால் வேறு வண்டிக்குப் போய்விடுவான். அவள் எங்கே போவாள்? முத்தின நாற்றை நட்டால் தூர் கட்டாது, விளைச்சல் குறையும் என்று எனக்குத் தெரியும். அங்கே அதைச் சொல்லியிருந்தால் பேச்சு மாறியிருக்கும்.

"வேலை நெருக்கடிம்மா" என்றேன்.

நிலம் பாண்டிக்கு என்று முடித்துவிட்டார்கள். அவள் எழுந்து போனாள்.

வாசல் வரை வந்த பாண்டி, "உளுந்து போடணும்ணே. நாளைக்கே அவ வயலை உழுதுருவோம்" என்றான். சரி என்றேன். காலை ஆறு மணிக்கு வண்டி போகும். அந்த வயலுக்கு இவ்வளவு சீக்கிரம் நான் வண்டி அனுப்பியதே இல்லை.