மேல்வீட்டுத் தரையில் விரித்த கம்பளத்தை எடுக்கச் சொல்லி மனு

அனுப்புநர்:
ஆறாம் எண் வீட்டுக்காரி,
இரண்டாம் மாடி.

பெறுநர்:
குடியிருப்பு அதிகாரி அவர்கள்.

பொருள்: மேல்வீட்டார் மீது நான் கொடுத்த இரண்டு புகார்களையும் திரும்பப் பெறுவது, தங்கள் உத்தரவை ரத்து செய்யக் கேட்பது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேல்வீட்டுத் தையல்காரர் குடிவந்ததும் மரப்பலகைத் தரை போட்டார். அன்று முதல் என் தலைக்கு மேல் தொம் தொம்மென்று மிதி. ஒரே நாளில் நாற்பத்தொன்று என்று எண்ணி எழுதிக் கொடுத்தவள் நான்தான்.

2. படிக்கட்டில் பின்னாலிருந்து அவரை இரண்டு தடவை கூப்பிட்டேன். முதல் தடவை செவ்வாய்க்கிழமை, நீலச் சட்டை. திரும்பிக்கூடப் பார்க்காமல் ஏறிப் போனார். திமிர் என்று மனதில் வைத்தேன். நான் வைத்தால் லேசில் விடமாட்டேன்; இரண்டாவது புகார் அதுதான்.

3. தடித்த கம்பளம் விரி, இல்லையென்றால் காலி செய் என்று தாங்கள் உத்தரவு போட்டீர்கள். விரித்தார்கள். மேலே கப்சிப்.

4. போன திங்கள் காலை மேலே குழந்தை வீரிட்டது, ஓயவில்லை. பெற்றவள் எங்கே தொலைந்தாள் என்று திட்டிக்கொண்டே ஏறினேன். கதவு சும்மா சாத்தியிருந்தது. நாலு வயசுப் பெண், அலமாரிக் கதவில் விரல் மாட்டிக்கொண்டு கம்பளத்தை உதைத்து உதைத்து அழுகிறாள். தாய் அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் நறுக்குகிறாள். விரலை விடுவித்தது நான்.

5. ஐயா, தாய் தகப்பன் இருவருக்கும் காது கேட்காது. குழந்தைக்கு மட்டும் கேட்கும், அவள்தான் சொன்னாள். பலகையை மிதித்தால் அதிர்வு காலில் ஏறும். அந்த வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவது. அம்மாவுக்கு ஒரு மிதி, அப்பாவுக்கு இரண்டு. நான் இடி என்று எண்ணியதெல்லாம் ஒரு பிள்ளை தாயைக் கூப்பிட்டது. அதன் வாயைப் பொத்தியது என் மனு. நேரில் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

6. அவர்கள் பால்கனியில் காயும் ஈரத்துணி என் தலையில் சொட்டுவதை மட்டும் மன்னிக்கவில்லை. அதை நேரில் பேசிக்கொள்வேன்.

7. தங்கள் எழுத்தர் இந்த மனுவை வாங்கும்போது மறுபடியுமா பாட்டி என்று சிரிக்கக் கூடாது. போன தடவை சிரித்தது ஞாபகம் இருக்கிறது.

ஆகவே கம்பளத்தை எடுக்க இந்த வாரமே உத்தரவிட வேண்டும். அந்தச் சின்னப் பெண் எனக்கென்று மூன்று மிதி ஒதுக்கியிருக்கிறாள். நேற்று மூன்று தரம் மிதித்தேனே, ஏன் வரவில்லை என்று கேட்டாள். எனக்குக் கேட்கவே இல்லை ஐயா.

தேதி: 14, வியாழன்
இடம்: ஆறாம் எண் வீடு

இப்படிக்கு,
கீழ்வீட்டுப் பாட்டி
(கையொப்பம்)