படகில் வந்த மாமா, கப்பலில் வந்த அண்ணா

18 ஒக்ரோபர் 2009
நாளைக்குக் கணிதச் சோதனை. ஒன்றும் ஏறவில்லை. இந்த நாட்டின் மறுகரையில், வன்கூவருக்கு, ஒரு கப்பல் நிறைய எங்கட ஆக்கள் அகதியாக வந்திருக்கினம். சிவபாதம் மாமா ரீவியைப் பார்த்துச் சொன்னார்: "உவையாலதான் எங்கட பேர் கெடுகுது. திருப்பி அனுப்பவேணும்."

21 ஒக்ரோபர்
அந்தக் கப்பலில் அண்ணா. தடுப்பு முகாமில் இருந்து போன் எடுத்தார். மே மாதம் ஊரில் சண்டை முடிந்த பிறகு எனக்கு மிஞ்சியது அவர் மட்டும்தான். வெளியே விடுவதற்கு இங்கே ஒருவர் பொறுப்பு நிற்கவேண்டுமாம்.

மாமா போனில் அவரிடம் "பாப்பம்" என்றார். போனை வைத்ததும், "என்னால ஏலாது. நாளைக்கு ஏதும் நடந்தால் என்ர தலையிலதான் விடியும்."

மாமா எப்படி வந்தவர்? எண்பத்தாறில் நடுக்கடலில், லைஃப்போட்டில் மிதந்தவர். நியூஃபவுண்ட்லாந்து மீன்காரர் தூக்கினார்கள். அவருக்கு யார் பொறுப்பு நின்றது? கேட்கப் பயம். இது அவருடைய வீடு.

23 ஒக்ரோபர்
மாமா தமிழ் வானொலிக்குப் போன் எடுத்து, பெயர் சொல்லாமல் கதைத்தார். "நாங்கள் முறையா வந்து, கஷ்டப்பட்டு முன்னேறின ஆக்கள்."

முறையாகவா?

24 ஒக்ரோபர்
மாமா வேலைக்குப் போனதும் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு நானும் எடுத்தேன். நானும் பெயர் சொல்லவில்லை. "நேற்றுக் கதைச்ச அங்கிளை மீன்காரர் கடலில இருந்து தூக்கி, சூப் குடுத்து, ஜக்கெற்றும் போட்டுவிட்டவை. அந்த ஜக்கெற் இப்பவும் அவற்ற அலுமாரியில தொங்குது. அவரை ஒருத்தரும் திருப்பி அனுப்பேல்லை."



25 ஒக்ரோபர்
பெயர் சொல்லாவிட்டால் தெரியாது என்று மாமா நினைத்தார். நானும் நினைத்தேன். எங்கள் மல்வேர்ன் பகுதி முழுக்க இரண்டு குரலும் தெரிந்திருக்கிறது. கடையில் ஒருவர், "என்ன சிவபாதண்ணை, சூப் ருசியோ?" என்றாராம்.

மாமா என்னோடு கதைக்கவில்லை. துரத்தினால் எங்கே போவேன்?

ஆனால் நான் சொன்னதில் எது பொய்?

30 ஒக்ரோபர்
மாமி சோற்றை வைத்துக்கொண்டு, "வாய் கூடிப்போச்சு உனக்கு" என்றா. பிறகு மெதுவாக, "நானும் ரேடியோவில கேட்டனான். இன்னும் கொஞ்சம் சொல்லியிருக்கலாம்."

2 நவம்பர்
மாமா இன்னும் என்னோடு கதைக்கிறாரில்லை.

14 நவம்பர்
மாமா பழைய ஜக்கெற்றைக் கொண்டுவந்து என் கட்டிலில் போட்டார். முகத்தைப் பார்க்கவில்லை.

"கொண்ணன் என்ன உயரம்?"

"உங்களிலும் உயரம்."

"அப்ப ஜக்கெற் கை கட்டையா இருக்கும். பொறுப்பு நிக்கிறதுக்குத் திங்கக்கிழமை லோயரிட்டப் போறன். ரேடியோவுக்குச் சொல்லிப்போடாத."

எனக்குக் கோபம் ஆறவில்லை. கை மடிப்பின் தையலைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் நீளும்.