கோப்பி, ஆத்தாமல்

அண்ணை,

போன கிழமை மகள் என்னை யாழ்ப்பாண நகரத்தில் புதிதாகத் திறந்திருக்கும் ஒரு கோப்பிக் கடைக்குக் கூட்டிப்போனாள். கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் வறுத்த கோப்பியின் வாசம் முகத்தில் வந்து மோதியது. நல்ல வாசந்தான். ஆனால் வேர்க்கொம்பும், அதுதான் சுக்கும், மல்லியும் சேர்த்து இடிக்காத கோப்பி எனக்கு எப்போதும் பாதிச் சொல்லில் நிறுத்திய வசனம் போலத்தான் இருக்கும். கடையில் நின்ற பிள்ளை என் பெயரைக் கேட்டாள். எதற்கு என்று விளங்காமலேயே சொன்னேன். அதைக் கடதாசிக் கோப்பையில் எழுதிக்கொண்டாள். சற்று நேரத்தில் என் பெயரை உரத்துக் கூப்பிட்டாள். நான் எழும்பவில்லை. இரண்டாம் முறையும் கூப்பிட்டாள். மகள்தான் போய் வாங்கிவந்தாள். "என்னப்பா, காது கேட்கேல்லையோ?" என்றாள்.

காது கேட்டது. ஆனால் ஒரு கோப்பிக் கடைக்குள் ஆளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் உள்ளே ஏதோ பதறுகிறது. அந்தப் பதற்றம் எங்கிருந்து வந்தது என்று யோசித்துக்கொண்டே வீடு வந்தேன். வந்து சேர்ந்த இடம் உங்களுடைய கடை.

உரும்பிராய்ச் சந்தியில் உங்கள் கடைக்குப் பெயர்ப்பலகை இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை. இருந்திருக்கலாம், என் ஞாபகத்தை நான் முழுதாக நம்புவதில்லை. முன்னுக்கு ஆட்கள் இருக்க இரண்டு மர வாங்குகள், வடை வைக்கும் கண்ணாடிப் பெட்டி, பின்னுக்கு ஒரு தட்டி. தட்டிக்குப் பின்னால் உங்கள் மனைவி, எங்களுக்கெல்லாம் அக்கா, தேத்தண்ணி போடுவார். கிளாஸ் தட்டியின் இடைவெளியால் வெளியே வரும். நீங்கள் அதை வாங்கி, அது யாருடையது என்று கூப்பிடுவீர்கள். உரியவர் இருந்த இடத்தில் இருந்தபடி ஒரு சத்தம் கொடுக்க, கிளாஸ் கைமாறிக் கைமாறி அவரிடம் போகும்.

முதலில் எல்லோரையும் போல நீங்களும் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டீர்கள். பிறகு, ஒருவருடைய பெயரைச் சந்தியில் உரக்கச் சொல்வது அவருக்கு நல்லதல்ல என்ற காலம் வந்தது. றோட்டால் ஆமி போகும், வேறு ஆட்கள் போவார்கள், யார் எந்தப் பெயரை எதற்குத் தேடுகிறார்கள் என்று தெரியாது. "இண்டையிலையிருந்து என்ரை கடைக்குள்ளை ஒருத்தருக்கும் பேர் இல்லை" என்று நீங்கள் ஒருநாள் சொன்னீர்கள். அதன்பிறகு ஆள் குடிப்பதுதான் ஆளின் பெயர். தேயிலைச் சாயம் கடுமையாக வேண்டும் என்று கேட்கும் வெங்காயத் தோட்டக்காரர் கடுஞ்சாயம் ஆனார். சந்தையில் வாழைக்குலை ஏலம் கூறுபவர் சீனி வேறை ஆனார். ஊருக்குள்ளும் அந்தப் பெயர்கள் பரவி, கடுஞ்சாயத்தின் மகளுக்குக் கலியாணம் என்றால்தான் எல்லோருக்கும் விளங்கும் என்ற நிலை வந்தது.

எனக்குத்தான் சிக்கல். நான் அரசாங்கக் கச்சேரியில் லிகிதர். கோப்பு வாசிக்கத் தெரியும், கடிதம் வரையத் தெரியும், ஆனால் ஒரு கடையில் எனக்கு என்ன வேண்டும் என்று சொல்லத் தெரியாது. முதல்நாள் நீங்கள் தந்ததைக் குடித்தேன். சீனி கூடிப்போயிருந்தது. மறுநாளும் குடித்தேன். வருடக்கணக்காகக் குடித்தேன். பெயர் மாற்றிய அன்று நீங்கள் என் கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தீர்கள். பிறகு, "ஒண்டும் சொல்லாத தேத்தண்ணி!" என்று கூப்பிட்டீர்கள். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். கையை மட்டும் உயர்த்தினேன். சத்தம் கொடுக்கவில்லை.

என்னுடைய ஐயாவின் கதை வேறு. அவருக்குக் கோப்பி வேண்டும், வேர்க்கொம்பு கூட வேண்டும், அதை ஆற்றவே கூடாது. நீங்கள் "கோப்பி, ஆத்தாமல்!" என்று கூப்பிட, அவர் மூலையிலிருந்து "கொதிக்கக் கொதிக்க!" என்று பதில் கொடுப்பார். அந்தப் பதில் சந்திக்கு அப்பால் பஸ்சுக்கு நிற்கும் சனத்துக்கும் கேட்கும்.

"பெரியவர், நாக்கு வெந்துபோகும்" என்பார் கடுஞ்சாயம்.

"என்ரை நாக்கை விடு. உன்ரை நாக்கு வெந்தால் ஊருக்கு நிம்மதி."

"லிகிதர், உங்கடை கொப்பர் என்னைப் பேசுறார். நீர் ஒண்டும் சொல்லமாட்டீரோ?"

"அவன் எப்ப சொன்னவன்?" என்பார் ஐயா.

ஐயாவின் கண்ணில் வெண்படலம் வளர்ந்துகொண்டிருந்தது. வெட்டி எடுக்கலாம் என்று டொக்டர் சொன்னார். ஆஸ்பத்திரிக்கு மருந்து வரட்டும் என்றும் சொன்னார். மருந்து வரவில்லை. கடைசி வருடங்களில் அவருக்கு வெளிச்சமும் நிழலுந்தான். ஆனாலும் பின்னேரம் தடியை ஊன்றிக்கொண்டு தனியாகத்தான் உங்கள் கடைக்கு வருவார். நான் கூட வருகிறேன் என்றால் கோபம். "உவன் கூப்பிடுறது கேட்குது. பிறகென்ன வழி?" என்பார்.

பிறகு தொண்ணூற்றைந்து ஐப்பசி. ஊர்கள் முழுதும் ஒரே இரவில் வெளிக்கிட்ட அந்த இடப்பெயர்வைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீங்களும் அதே றோட்டால்தான் போனீர்கள், அதே மழையில். ஐயாவைச் சைக்கிள் கரியரில் இருத்தி உருட்டிக்கொண்டு போனேன். பின்னால் மனைவி, பிள்ளைகள், மூட்டைகள். நாவற்குழிப் பாலத்துக்குக் கிட்ட எங்கோ ஷெல் விழுந்த சத்தம் கேட்டுச் சனம் ஒரே பக்கமாகத் தள்ளியது. சைக்கிளும் நாங்களும் விழுந்தோம். நான் எழும்பிப் பார்த்தபோது பிள்ளைகள் இருந்தார்கள், மனைவி இருந்தாள், ஐயாவின் தடி இருந்தது. ஐயா இல்லை. திரும்பி நிற்கக்கூட அந்தச் சனம் விடவில்லை.

கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையின் மூலையில் எங்களுக்கு இடம் கிடைத்தது. விடிந்ததும் ஐயாவைத் தேடத் தொடங்கினேன். எனக்குத் தெரிந்த முறையில்தான் தேடினேன்: மேற்கிலிருந்து கிழக்கு, ஒரு பள்ளிக்கூடம் விடாமல், ஒரு கோயில் விடாமல். ஒவ்வோர் இடத்திலும் பொறுப்பானவரைக் கண்டு, தணிந்த குரலில் கேட்பேன். இல்லை என்பார். நன்றி சொல்லிவிட்டு வருவேன். அடுத்தநாள் அங்கே வேறு ஆட்கள் வந்திருப்பார்கள், இருந்தவர்கள் வேறெங்கோ போயிருப்பார்கள். ஒழுங்காகத் தேடுவதால் மட்டும் ஒரு மனிதன் அகப்படுவதில்லை என்று அறிய எனக்குப் பல நாள் பிடித்தது. கண் தெரியாத மனிதர் யாருடைய கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரோ, யாராவது பிடித்திருக்கிறார்களோ என்ற நினைப்பில் இரவில் கண் மூடவில்லை.

அப்படி ஒரு பின்னேரம் சந்தைப் பக்கம் வரும்போது உங்களுடைய குரல் கேட்டது.

"சீனி வேறை!"

வேப்பமரத்தின் கீழ் மூன்று கல், ஒரு கேத்தில், மழைக்கு மேலே இழுத்துக் கட்டிய ஒரு படங்கு. அக்கா அடுப்படியில் குந்தியிருந்தார். நீங்கள் வெறும் கையோடு நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். கையில் கிளாஸ் இல்லை. முன்னால் ஆளும் இல்லை.

"அண்ணை, ஆரைக் கூப்பிடுறியள்?"

"வராத ஆக்களை."

"அவை இஞ்சை இருக்கினமோ எண்டு தெரியுமோ?"

"தெரியாது தம்பி. அதுதான் கூப்பிடுறன்."

உங்களுக்குப் பக்கத்தில் ஒரு சாக்கில் இருந்து குடித்துக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தினார். கடுஞ்சாயம். "நானும் உப்பிடித்தான் வந்தனான், லிகிதர். மீசாலைப் பக்கம் இருந்து அரிசிக்கு வந்தன். என்னை ஆரோ கூப்பிடுறாங்கள். பேரைச் சொல்லியிருந்தால் திரும்பியும் பாத்திருக்கமாட்டன்."

ஐயாவைக் காணவில்லை என்று சொன்னேன். நீங்கள் சந்தைப் பக்கம் திரும்பி, "கோப்பி, ஆத்தாமல்!" என்றீர்கள். மூவரும் காது கொடுத்தோம். பதில் வரவில்லை. அன்றிலிருந்து பகலில் நான் தேடுவேன், பின்னேரம் நீங்கள் கூப்பிடுவீர்கள். கடையில் கூப்பிட்ட அதே நேரத்தில், அதே ஒழுங்கில்.

அடுப்புப் புகையும் மழைக் குளிரும் சேர்ந்து ஒருநாள் உங்கள் தொண்டையைக் கட்டிவிட்டன. காற்றுத்தான் வந்தது. என்னைப் பார்த்துக் கையைக் காட்டினீர்கள்.

"நீர் கூப்பிடும்."

"நானோ? எனக்கு வராது, அண்ணை."

"கொப்பரைத்தானே கூப்பிடப்போறீர்? வாற அளவு வரட்டும்."

எழும்பி நின்றேன். கூப்பிட்டேன். கடுஞ்சாயம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "உது கச்சேரிக்குள்ளை கேக்கிற சத்தம், லிகிதர். இது சந்தை!" இரண்டாம் முறை கூப்பிட்டபோது காய்கறிக்காரிகள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு முகம் சுட்டது. இருந்துவிடலாமா என்று உங்களைப் பார்த்தேன். நீங்கள் சந்தையைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். மூன்றாவது முறை எங்கிருந்து வந்ததென்று தெரியாது. தொண்டை கிழிந்தது போல இருந்தது. அன்று யாரும் வரவில்லை. ஆனால் மறுநாள் பின்னேரம் உங்களுக்குக் கொஞ்சம் குரல் திரும்பியிருந்தும், நானாகவே எழும்பிக் கூப்பிட்டேன்.

வண்டில்களுக்கு அப்பாலிருந்து பதில் வந்தது.

"கொதிக்கக் கொதிக்க!"

ஐயா ஒரு பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். கழுத்தில் செபமாலை போட்ட குருநகர்க்காரி. சேறு தெறித்த சட்டை, முகத்தில் களைப்பு. நான் ஐயாவின் கையைப் பிடித்ததும் அவள் சண்டைக்கு வருவது போலத்தான் பேசினாள்.

"நீங்களோ மகன்? உங்கடை தேப்பனோடை எனக்குச் சீவன் போச்சு. பாலத்தடியிலை நிண்டவர், எங்களோடை கூட்டிக்கொண்டு வந்தம். நேற்றுக் காலமைதான் ஸ்ரேசனுக்குப் பின்னாலை வந்து கொட்டில் போட்டு இருக்கிறம். கஞ்சி குடுத்தால் கொதிக்கேல்லையாம். நேற்றுப் பின்னேரத்திலையிருந்து ஒரே பிடிவாதம், என்ரை கடை கேக்குது, கூட்டிக்கொண்டு போ எண்டு. இஞ்சை எங்கை அப்பு உங்கடை கடை எண்டால், கோபம் வேறை."

"கேட்டதுதானே?" என்றார் ஐயா. பிறகு உங்கள் பக்கம் முகத்தைத் திருப்பினார். "உன்ரை தொண்டைக்கு என்ன நடந்தது? வேறை ஆரோ கத்துறான் எண்டு நினைச்சன். ஆனால் சொல்லு சரியாயிருந்தது."

"அது நான், ஐயா" என்றேன்.

"நீயோ?" கையால் என் முகத்தைத் தடவிப் பார்த்தார். "நீ கத்துவியோ?"

நாற்பத்தைந்து வயது மகனின் உரத்த குரலை அவர் அதற்கு முன் கேட்டதே இல்லை. அதனால்தான் அடையாளம் தெரியவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் வரும், மற்றதும் வரும்.

கிளாசை அவர் கையில் கொடுத்தீர்கள். ஒரு வாய் குடித்தார். "உது கோப்பியில்லை."

"ஓம், பெரியவர். கோப்பித் தூளுக்கு நான் எங்கை போறது? கொதிக்குது எல்லோ?"

"கொதிக்குது" என்று ஒத்துக்கொண்டார்.

அந்தக் குருநகர்ப் பெண்ணுக்கும் ஒரு கிளாஸ் கொடுத்தீர்கள். ஆண்கள் குந்தியிருந்து குடிக்கும் இடத்தில் அவள் தயங்காமல் சாக்கில் இருந்து குடித்தாள். "சீனி போடேல்லையோ?" என்றாள். "சீனி கண்டு கனகாலம், பிள்ளை" என்றீர்கள். அவள் சிரித்தாள். எல்லோருக்கும் கொடுத்து முடிந்தபிறகுதான் நான் உங்களைக் கவனித்தேன். படங்கின் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். உங்கள் கையில் ஒன்றும் இல்லை. இத்தனை வருடமும் நீங்கள் குடித்து நான் கண்டதில்லை.

"உங்களுக்கு என்ன, அண்ணை?"

கல்லில் மெதுவாக இருந்தீர்கள். கட்டிய தொண்டையோடு சொன்னீர்கள்: "எனக்கு அந்த ஒண்டும் சொல்லாத தேத்தண்ணியைத் தாரும். அது இனி உமக்குப் பொருந்தாது."

அக்கா ஊற்றித் தந்ததை நான்தான் உங்களுக்கு எடுத்துத் தந்தேன்.

அடுத்த வருடம் ஊருக்குத் திரும்பினோம். ஐயா தன்னுடைய வீட்டில், தன்னுடைய கட்டிலில் போனார். கடைசிவரை கோப்பி ஆறிப்போச்சு என்றுதான் குறை. நீங்கள் சந்தியில் கடையைத் திரும்பக் கூரை போட்டுத் திறந்தீர்கள். பின்னர் நெஞ்சுநோ வந்து நீங்களும் போனீர்கள். செத்தவீட்டில் ஆட்கள் உங்களைப் பற்றி நிறையப் பேசினார்கள். என்னையும் ஒரு வார்த்தை பேசச் சொன்னார்கள். நான் எழும்பவில்லை. கூப்பிடுவதும் பேசுவதும் ஒன்றல்ல, அண்ணை. அதற்கு நான் இன்னும் பழைய ஆள்தான்.

இந்தக் கடிதத்தை எழுதத் தொடங்கியபிறகு, நேற்று, அந்தக் கண்ணாடிக் கடைக்குத் தனியாகப் போனேன். பஸ்சில் போகும்போதே சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒழுங்குபடுத்திக்கொண்டேன். அதே பிள்ளை நின்றாள்.

"என்ன வேணும், அங்கிள்?"

"கோப்பி. வேர்க்கொம்பு இருக்குமோ?"

"இஞ்சி இருக்கு. போட்டுத் தரட்டோ?"

"போடுங்கோ. சீனி வேண்டாம்."

சொல்லிவிட்டேன். முப்பது நாற்பது வருடம் பிந்தித்தான், ஆனாலும் சொல்லிவிட்டேன். அவள் பேனாவை எடுத்துப் பெயரைக் கேட்டாள். பெயரைச் சொல்லவில்லை. "கோப்பி, ஆத்தாமல் எண்டு எழுதுங்கோ" என்றேன். ஒருகணம் என்னைப் பார்த்தாள். பிறகு தோளைக் குலுக்கிக்கொண்டு எழுதினாள்.

மூலையில் போய் இருந்தேன். பக்கத்து மேசைகளில் இளம் ஆட்கள் தங்கள் தங்கள் தொலைபேசிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மெசினின் இரைச்சல் நின்றது. அந்தப் பிள்ளை கோப்பையைத் தூக்கிப் பிடித்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு, நல்ல உரத்த குரலில் கூப்பிட்டாள்.

"கோப்பி, ஆத்தாமல்!"

எல்லோரும் திரும்பிப் பார்க்கத்தக்கதாக நான் பதில் கொடுத்தேன், அண்ணை.

"கொதிக்கக் கொதிக்க!"