ஆலைக் கோட்டு

அன்பான லுமினிட்சா,

நீயும் இலிங்காவும் சுகந்தானே? மாமாவின் கால்வலி குறைந்ததா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

எங்கள் கட்டடத்தைச் சுற்றி ஜெர்மன்காரர்கள் வேலி போட்டுவிட்டார்கள். இறைச்சி ஆலையில் கொரோனாவாம், நாங்கள் கடைக்குக்கூடப் போகக்கூடாதாம். ஆனால் வேலைக்குப் போகலாம். எதிர்வீட்டுக்காரர் வீட்டிலேயே கணினியில் வேலை பார்க்கிறார். நாங்கள் வெட்டும் இறைச்சி அவர் வாசலுக்கே போகிறது.

நேற்று என் அறைத் தோழன் தோரல் ரொட்டி வாங்கக் கிளம்பினான். வேலிக் கதவில் நின்ற காவலாளி மறித்தான். இவன் திரும்பி வந்து, ஆலை பெயர் போட்ட கோட்டை மாட்டிக்கொண்டு மறுபடி போனான்.

"வேலைக்கா?"

"ஆமாண்ணே, பஸ்ஸ விட்டுட்டேன். நடந்தே போயிடறேன்."

"சீக்கிரம் போய்யா."

கதவு திறந்தது. ரொட்டியோடு வந்தவன், "கோட்டுக்குக் கொரோனா வராதுடா" என்றான். அறையில் எட்டுப் பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

இன்று அவனுக்குக் காய்ச்சல். மேஸ்திரியிடம் சொன்னேன். "கோட்ட மாட்டிக்கிட்டு வரச் சொல்லு" என்றார்.

நீ பயப்படாதே. காய்ச்சல் மாத்திரை கொஞ்சம் அனுப்பு. இலிங்கா வரைந்த படம் ஒன்றும் வை, கட்டிலுக்கு மேலே ஒட்டிக்கொள்கிறேன்.

பஸ் வந்துவிட்டது. தோரலுக்குக் காய்ச்சல் இறங்கவில்லை, கோட்டுப் பொத்தானை நான்தான் போட்டுவிட வேண்டும்.

உன் நிக்கு