மெய்லின் ஜெயிலுக்குப் போகவில்லை

புந்தாரேனாஸ், ஜூலை 20

என் செல்ல மகன் கிரெய்வினுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் தங்கையும் இங்கே நல்ல சுகம், நீயும் நியூ ஜெர்சியில் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன். ஏப்ரலிலிருந்து நீ போன் செய்யும்போதெல்லாம் ஏம்மா குரல் ஒரு மாதிரி இருக்கு என்று கேட்டாய், நானும் ஜலதோஷம் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். போனில் சொன்னால் அழுதுவிடுவேன், நீயும் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவாய், அதனால்தான் எழுதுகிறேன். பயப்படாதே, நல்லபடியாகத்தான் முடிந்திருக்கிறது, உட்கார்ந்து நிதானமாகப் படி.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மெய்லின் கடற்கரைச் சாலையில் ஸினியா அக்காவின் ஐஸ் கடையை அடித்து நொறுக்கிவிட்டாள். ஆமாம், பதினொரு வருஷத்துக்கு முன்னால் நீ பூட்டை உடைத்த அதே கடைதான். சிநேகிதிகளோடு ஐஸ் சாப்பிடப் போயிருக்கிறாள். ஸினியா அக்கா எல்லார் காதிலும் விழும்படி பக்கத்து ஆளிடம், "பையை முன்னாடி வெச்சுக்கோ, அண்ணன்காரனுக்குக் கை நீளம், தங்கச்சி எப்படியோ" என்றிருக்கிறாள். குடை நட்டிருந்த இரும்புக் கம்பியைப் பிடுங்கி ஐஸ் துருவும் மெஷின், சிரப் பாட்டில்கள், கண்ணாடி எல்லாவற்றையும் உடைத்துவிட்டாள் உன் தங்கை. எனக்குச் செய்தி வந்தபோது மீன் ஆலையில் இருந்தேன், ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் ஓடினேன். அன்றைக்கு உன்னை ஏற்றிய போலீஸ் வண்டி, அப்புறம் சான் ஹோசே ஜெயில், அப்புறம் கம்பிக்குப் பின்னால் என் பிள்ளை, எல்லாம் மறுபடியும் கண் முன்னால் வந்தது. ஆனால் அங்கே இருந்த போலீஸ்காரப் பிள்ளை ஒருவன் எனக்குத் தண்ணீர் கொடுத்து, "உக்காருங்கம்மா, இப்ப அப்படி இல்ல. ஸினியாம்மா சம்மதிச்சா எல்லாரும் உக்காந்து பேசித் தீர்க்க ஒரு வழி இருக்கு" என்றான். அவள் சம்மதிக்க வேண்டுமே! யமிலெத் என்று ஒரு சமூக சேவகி, உன் வயதுதான் இருக்கும், மூன்று தடவை அவள் வீட்டுக்குப் போனாள். முதல் தடவை முகத்திலேயே கதவைச் சாத்தினாளாம். மூன்றாம் தடவை காபி கொடுத்தாளாம்.

மே மாதம் ஒரு காலையில் பேசித் தீர்க்க எங்களைக் கூப்பிட்டார்கள். வட்டமாக நாற்காலி போட்டிருந்தார்கள். நீதிபதியம்மாளும் எங்கள் எல்லாரையும் போல ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில்தான் உட்கார்ந்தாள். வக்கீல், பள்ளிக்கூடத்துப் பெரியவாத்தியார், சுகாதார நிலையத்து நர்ஸ், ஸினியா அக்கா, நாங்கள் இரண்டு பேர். மெய்லினை முதலில் பேசச் சொன்னார்கள். இரண்டு மாதமாகத் தான் பள்ளிக்கூடமே போகவில்லை என்று சொன்னாள், கிரெய்வின், எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்! மாலை வகுப்பு முடிந்து கழிமுகப் பாதையில் இருட்டில் நடந்து வரும்போது ஒரு காரில் ஆண்கள் இரண்டு முறை பின்தொடர்ந்திருக்கிறார்கள். என்னிடம் சொன்னால் வேலையை விட்டுவிடுவேனோ என்று சொல்லவில்லையாம். பெரியவாத்தியார் எழுந்து நின்று, "வருகைப் பதிவுல இவ பேருக்கு நேரா ஆப்சென்ட் ஆப்சென்ட்னு போட்டுக்கிட்டே இருந்தோம். யாரும் ஒரு எட்டு வீட்டுக்குப் போய்க் கேக்கல. அது எங்க தப்பு" என்றார்.

அப்புறம் ஸினியா அக்கா. திட்டப் போகிறாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்த்து, "ஓதிலியா, உன் பையனை உள்ள போட்டப்ப எனக்கு என்ன வேணும்னு யாரும் கேக்கல. கோர்ட்டுல ஆமா, இல்லன்னு சொன்னேன், வீட்டுக்குப் போன்னுட்டாங்க. பதினாறு வயசுப் பையன். திரும்பி வந்தப்புறம் அவன் என் கடைப் பக்கமே வரல, என்னாலயும் அவன் மூஞ்சியைப் பாக்க முடியல. அந்த வலியைத்தான் இந்தப் புள்ள மேல கொட்டிட்டேன்" என்றாள். உடனே மெய்லின் பக்கம் திரும்பி, "அதுக்காக என் மெஷினை உடைச்சது சரியாயிடாது, ஆமா!" என்றாள். மெய்லின் அழுதுகொண்டே, "மன்னிச்சிருங்கக்கா, எங்கண்ணனைச் சொன்னது தாங்கல" என்றாள். நீ அங்கே இருந்திருக்க வேண்டும்.

ஆறு மாதம் ஞாயிறுதோறும் அந்தக் கடையில் வேலை, பள்ளிக்கூடம் ஒரு நாளும் விடக்கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள், மீறினால் வழக்கு கோர்ட்டுக்குப் போய்விடும். படகுத்துறை மெக்கானிக்குகள் சேர்ந்து மெஷினைச் சரி செய்து கொடுத்தார்கள். நர்ஸும் யமிலெத்தும் வீடு வீடாகப் போய் விசாரித்ததில் அதே இருட்டுப் பாதைக்குப் பயந்து இன்னும் பதினொரு பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்டது தெரிந்தது, இப்போது நகராட்சி மாலைக்கு ஒரு பஸ் விடுகிறது, ஒன்பது பேர் திரும்பி வந்துவிட்டார்கள். அந்த வட்டம் இல்லையென்றால் இருட்டுப் பாதையைப் பற்றி யாரும் கேட்காமலேயே என் பெண்ணை ஜெயிலுக்கு அனுப்பியிருப்பார்களே! எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று பொய் சொல்ல மாட்டேன், மூன்றாவது ஞாயிறே போகமாட்டேன் என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். யமிலெத் வந்து கட்டிலோரம் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசி எழுப்பினாள். ஸினியா அக்கா என்னைப் பார்க்கும்போதெல்லாம், "உன் மக சிரப்பை ஊத்துற ஊத்துக்கு நான் கடையை மூட வேண்டியதுதான்" என்கிறாள், ஆனால் மத்தியானம் அவளுக்கென்று தனியாக மீன் வறுத்து வைக்கிறாள்.

கிரெய்வின், ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்கு உன் வழக்கு நடந்தபோது நான் உள்ளே வரவில்லை, வெட்கப்பட்டு வெளியே பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். நீ திரும்பித் திரும்பி வாசலைப் பார்த்தாய் என்று வக்கீல் பிற்பாடு சொன்னார். என்னை மன்னித்துவிடு மகனே. உனக்கும் இப்படி ஒரு வட்டம் போட்டிருக்க வேண்டும், உனக்குக் கிடைக்காதது உன் தங்கைக்குக் கிடைத்ததில் நீ சந்தோஷப்படுவாய் என்று எனக்குத் தெரியும், அதுவும் சேர்ந்துதான் எனக்கு அழுகை வருகிறது.

போன வியாழக்கிழமை யமிலெத் என்னைக் கூப்பிட்டாள். வேறொரு பிள்ளை, பதினான்கு வயது, மளிகைக் கடையில் எதையோ எடுத்து மாட்டிக்கொண்டவள். அக்கம்பக்கத்தார் சார்பில் நீங்க வந்து உக்காருங்க என்றாள். நான் படிக்காதவள், என்ன பேசுவது என்று கேட்டேன். பேச வேண்டாம், சும்மா வாங்க என்றாள். போனேன். அந்தப் பிள்ளையின் அம்மா வெளியே பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருந்தாள், உள்ளே வரக் கால் வரவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து, "வாம்மா, நானும் உன்கூட வரேன்" என்று கையைப் பிடித்தேன். இரண்டு பேரும் சேர்ந்தே உள்ளே போனோம்.

மெய்லினுக்கு இதை உன்னிடம் சொல்ல வெட்கம், நீயே போன் செய்து பேசு, திட்டாதே. பல்வலிக்கு டாக்டரிடம் காட்டு, தள்ளிப்போடாதே. கார்மென் மாதா உன்னை நிழலாக இருந்து காக்கட்டும், நீ ஏறி வேலை செய்யும் கூரைகள் எல்லாம் உன்னைப் பத்திரமாக இறக்கி விடட்டும்.

உன்னை ஒரு நாளும் மறவாத
அம்மா ஓதிலியா