சனிக்கிழமை பெஞ்சு

நவ. 11, செவ்வாய்

தூறல். துணி காயவில்லை. வெட்கக்கேடு ஒன்று. குளிக்கும் அறையில் வாளியைக் கும்பிட்டு, "பெரியோர்களே, தாய்மார்களே" என்று பேசிப் பழகினேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அடுத்த வீட்டுக் குமாரி, "யக்கா, சத்தமா! பின்னாடி கீறவங்களுக்குக் கேக்கல." அவளுக்கு இந்த வாரம் மீன்குழம்பு கிடையாது.

பேச்சு எதற்கென்றால், இங்கே ஆஸ்பத்திரியில் சனிக்கிழமைதோறும் நடக்கும் குடிநிறுத்தச் சிகிச்சையைப் பட்டணத்துக்கு மாற்றப் போகிறார்களாம். ஞாயிறு வார்டு கூட்டம், அதிகாரி வருகிறார். "நான் பேசினா கொட்டாவி விடுவாரு. உங்க கதையச் சொல்லுங்கக்கா" என்றார் ஆலோசகர் மேடம்.

நவ. 13, வியாழன்

வாங்க வேண்டியது: பூண்டு, விளக்குத் திரி, அவர் மாத்திரை. கதையில் பாதி வீட்டுக்காரருடையது. கேட்காமல் சொல்லக்கூடாது. கேட்டேன்.

"இன்னா, என் மானத்த மைக்குல ஏத்தப் போறியா?"

"ஏத்தற அளவுக்கு இன்னா மிச்சம் கீது?"

சிரித்தார். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு, "சொல்லிக்கோ. பேரு மட்டும் வாணாம்."

அவரைச் சிகிச்சைக்குக் கூட்டிப்போன அந்த நாட்களே நினைவு. ஆஸ்பத்திரி வாசல், வேப்பமரம், பெஞ்சு. புருஷன்மார் உள்ளே. நாங்கள் வெளியே, மடியில் ஆளுக்கொரு பை. பைக்குள் அவரவர் புருஷன் செருப்பு. பாதியில் எழுந்து ஓடக்கூடாதே! குமாரி வீட்டுக்காரன் ஒருநாள் வெறுங்காலோடு ஓடி, தார் ரோட்டுச் சூட்டில் துள்ளித் துள்ளித் திரும்பி வந்தான். என்ன சிரிப்பு! அவரிடம் அடி வாங்கியதை நான் முதன்முதலில் வாய்விட்டுச் சொன்னதும் அங்கேதான். குமாரி உரித்துக்கொண்டிருந்த பூண்டில் பாதியை என் மடியில் கொட்டினாள். இரண்டு பேரும் உரித்தோம்.

இப்போது அந்தப் பெஞ்சில் வேறு பெண்கள். சின்னச் சின்ன வயசு.

நவ. 16, ஞாயிறு

பழகியதெல்லாம் மறந்தது. செருப்புக் கதையை மட்டும் சொன்னேன். கூட்டம் சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை.

"பட்டணத்துல வசதி ஜாஸ்திம்மா."

"ஜாஸ்திதான் சார். ரெண்டு ரயில் மாறணும். எறங்குற எடமெல்லாம் பிராந்திக் கடை. செருப்பு இல்லாத ஆள இட்டுகினு எவ்ளோ தூரம் போவேன்?"

"யாரும்மா அந்த ஆளு?"

"ஒருத்தரு சார்."

கடைசி வரிசையில் ஒருவர் எழுந்தார். பேர் வேண்டாம் என்ற அதே மனுஷன்.

"நான்தான் சார். ஏகாம்பரம். ரயில்ல இட்டுகினு போயிருந்தா வழியிலயே எறங்கியிருப்பேன்."

நான் உட்கார்ந்துவிட்டேன்.

சனிக்கிழமை எத்தனை பேர் வருகிறார்கள் என்று ஆலோசகர் மேடத்தைக் கேட்டு, அதிகாரி எழுதிக்கொண்டார். பிறகு மைக்கில், "மாத்தல. சனிக்கிழமை இங்கேயே நடக்கும்."

நன்றி சொல்ல எழுந்தேன். பிளாஸ்டிக் நாற்காலியும் இடுப்போடு எழுந்தது. அப்படியே கும்பிட்டேன். இரண்டு பேர் பிடித்து இழுத்துக் கழற்றினார்கள்.